ஆயிரம் சொல் சார்ட்டைச் சுருட்டி வையுங்கள்

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மகன் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, மகள் ஒன்றாம் வகுப்பு. நான் பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். கும்பகோணத்தில் 'ஆயிரம் ஆங்கிலச் சொற்கள்' என்று ஒரு சார்ட் வாங்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தினமும் பத்துச் சொல் மனப்பாடம், ஒவ்வொன்றும் ஐந்து முறை எழுத வேண்டும். அன்றைக்குக் கேட்டால் மகன் சொல்கிறான், அடுத்த வாரம் கேட்டால் விழிக்கிறான். போன மாதம் சிங்கப்பூரிலிருந்து என் தம்பி போன் செய்து 'வாட் டிட் யூ ஈட்?' என்று கேட்டான். 'ஈட்' சார்ட்டில் இருக்கிறது, இவனுக்குத் தெரியும். ஆனாலும் வாயே திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வேனில் போய்ப் படிக்கிறாள், 'மம்மி, வாட்டர்' என்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை சொல் சொல்லித்தர வேண்டும்? எந்தச் சொற்கள்? வீட்டில் நானும் இங்கிலீஷில் பேச வேண்டுமா? என் உச்சரிப்பு தப்பாக இருந்தால் பிள்ளைக்கும் அது ஒட்டிக்கொள்ளாதா? போனில் ஆப் போட்டுக் கொடுக்கலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த போன் விஷயத்தைப் பார்த்துவிடுவோம். உங்கள் மற்றக் கேள்விகளுக்கான பதிலும் அதற்குள்ளேதான் கிடக்கிறது. உங்கள் மகனுக்கு 'ஈட்' தெரியும் என்கிறீர்கள். அவனுக்குத் தெரிந்தது படத்துக்குக் கீழே தனியாக நிற்கும் 'ஈட்'. மாமா கேட்டது நான்கு சொல். பேசும்போது அவை தனித்தனியாக வருவதில்லை. முதல் மூன்றும் ஒட்டிக்கொண்டு 'வாடிஜூ' என்று ஓடிவிடும், கடைசியில் ஒரு சின்ன 'ஈட்' விழும். அந்த ஓட்டத்திலிருந்து தெரிந்த சொல்லைப் பொறுக்கி எடுக்க அவன் காது இன்னும் பழகவில்லை. எடுத்திருந்தாலும் பதிலுக்கு 'ஐ ஏட் இட்லி' என்று மூன்று சொல்லைக் கோத்தாக வேண்டும். கோத்துப் பேசுவதை யாரும் அவனுக்குப் பழக்கவில்லை. போதாததற்கு வீட்டில் எல்லாரும் சுற்றி நின்று 'சொல்லுடா, சொல்லுடா' என்றிருப்பீர்கள். எட்டு வயதுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டது நியாயம்தான்.

ஆக, சொல் குறைவாக இருப்பது பிரச்சினை இல்லை. வாக்கியத்துக்குள் போய் வேலை செய்யாத சொல்லாக இருப்பதுதான் பிரச்சினை. நான் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி கொடுப்பவள். வகுப்பறைகளிலும் இதையேதான் பார்க்கிறேன். இருபது பழத்தின் பெயர் சொல்லும் பிள்ளைக்கு, பசித்தால் 'கிவ் மீ ஒன்' என்று கேட்க வராது.

இந்த மாதிரி சார்ட்டுகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பழம், காய், பறவை, வாகனம், உடல் உறுப்பு என்று கட்டம் கட்டமாகப் பெயர்கள்தான். பெயர்ச்சொல்லுக்குப் படம் வரைவது எளிது, அதனால்தான் அப்படி. 'கொண்டு வா', 'கொஞ்சம் பொறு', 'இன்னும்', 'மறுபடியும்' இதற்கெல்லாம் எப்படிப் படம் போடுவது? ஆனால் ஆங்கிலத்தில் அதிகம் புழங்குவது இவைதான். எட்வர்டு டால்ச் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1936-இல், பிள்ளைகள் வாசிப்பதில் திரும்பத் திரும்ப வரும் 220 சொற்களைப் பட்டியல் போட்டார். அதில் பெயர்ச்சொற்களைச் சேர்க்கவே இல்லை. அவற்றுக்குத் தனியாக 95 சொல்லில் இன்னொரு பட்டியல் வைத்தார். 220-இல் இருப்பவை 'கம்', 'கோ', 'கிவ்', 'டேக்', 'புட்', 'பிரிங்', 'ஓபன்', 'வாஷ்', 'கட்', 'புல்', 'ஹியர்', 'அண்டர்', 'மை', 'யுவர்', 'நாட்' போன்றவை. சிறுவர் கதைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து இந்தப் பட்டியலில் உள்ளவற்றைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே போனால், பாதிப் பக்கம் வட்டமாகிவிடும்.

நம் நாட்டோடு தொடர்புள்ள இன்னொருவரும் உண்டு. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், அன்று பிரிக்கப்படாத இந்தியாவில் இருந்த டாக்காவில் வங்காளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலக் கல்வியில் பணியாற்றியவர். பிள்ளைகளுக்கு எந்தச் சொல்லை முதலில் கொடுப்பது என்பதிலேயே காலம் கழித்தார். 1953-இல் அவர் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் இருந்தது சுமார் 2000 சொற்கள். அன்றாட ஆங்கிலத்தின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். அதாவது வளர்ந்தவர்களுக்கே அடித்தளம் இரண்டாயிரம்தான். மூன்றாம் வகுப்பில் ஆயிரத்தை ஒப்பிக்க வைத்து நீங்கள் எங்கே போகப் போகிறீர்கள்?

சரி, பெயர்ச்சொல் வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் அது உங்கள் வீட்டிலேயே நிறைய இருக்கிறது. ஃபேன், லைட், சுவிட்ச், பல்ப், பக்கெட், மக், சோப், பிரஷ், டவல், பிளேட், டம்ளர், கேஸ், குக்கர், சைக்கிள், பெல், செயின், டயர், பிரேக், பஸ், ஸ்டாப், டிக்கெட், ஸ்கூல், பேக், பென்சில், ரப்பர், நோட். வயல் பக்கம் போனால் மோட்டார், ஸ்டார்ட்டர், பைப், வால்வு, டிராக்டர், டிரெய்லர். உங்கள் மகன் நடக்கப் பழகிய நாளிலிருந்து இவற்றைக் கேட்டு வளர்ந்திருக்கிறான், பொருளும் தெரியும். நூறுக்குக் குறையாமல் தேறும். இவற்றைப் புதிதாகக் கற்பிக்க ஒரு நிமிடமும் செலவு வேண்டாம். நாம் செய்ய வேண்டியது, இந்தப் பெயர்களுக்கு முன்னால் ஒரு வினைச்சொல்லைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான். 'ஸ்விட்ச் ஆஃப் தி ஃபேன்', 'ஃபில் தி பக்கெட்', 'ரிங் தி பெல்', 'லாக் தி சைக்கிள்', 'பிரிங் தி டவல்'. பாருங்கள், ஒவ்வொன்றிலும் அவனுக்குப் புதிது ஒரே ஒரு சொல். (இப்படிப் புழங்கும் எல்லாச் சொல்லும் வெளியூரில் செல்லாது. மிக்ஸி என்றால் வெள்ளைக்காரருக்குப் புரியாது. அது பெரிய வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.)

கட்டளை வாக்கியத்திலிருந்து தொடங்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும்: 'கதவைத் திற'. ஆங்கிலத்தில் முன்னால் வரும். நம் பிள்ளைகளுக்கு இந்த இடமாற்றம்தான் முதல் இடறல். கட்டளையில் வினை முதல் சொல்லாகவே நிற்பதால் காதில் அழுத்தமாக விழும். 'நான், நீ, அவன்' தேவையில்லை, நேற்று இன்று நாளை என்ற காலக் குழப்பமும் இல்லை. அதோடு, பிள்ளை பதில் பேச வேண்டிய அவசியம் இல்லை, எழுந்து போய்ச் செய்தால் போதும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் இதையே ஒரு கற்பித்தல் முறையாக்கினார். கேள், உடம்பால் செய், பேச்சு தானாக வரும்போது வரட்டும் என்பது அதன் சாரம். கைக்குழந்தை தமிழ் கற்றதும் இப்படித்தானே? 'கை தட்டு' என்றால் தட்டியது, 'தாத்தாவுக்கு டாட்டா காட்டு' என்றால் காட்டியது. பேசியது ரொம்ப நாள் கழித்து.

எந்தச் சொற்கள் என்று கேட்டீர்கள். முதல் மூன்று மாதத்துக்கு இவை போதும். ஓபன், ஷட், கிவ், டேக், பிரிங், புட், கம், கோ, சிட், ஸ்டாண்ட், வாஷ், வைப், ஃபில், போர் (ஊற்று), கட், ஈட், டிரிங்க், புல், புஷ், ஹோல்டு, கேரி, த்ரோ, கேட்ச், வெயிட், லுக், லிசன். இவற்றோடு ஒட்டிப் போக இன், ஆன், அண்டர், ஹியர், தேர், மை, யுவர், திஸ், தட், நாட், மோர், அகெய்ன், பிக், ஸ்மால். எண்ணிப் பார்த்தால் நாற்பதுதான். உங்களுக்கே இவற்றில் பெரும்பாலானவை பத்தாவது வரை படித்ததில் தெரிந்திருக்கும்.

இப்போது எத்தனை என்ற கேள்வி. வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. வாரத்தில் ஐந்து நாள் போதும். வெள்ளி, ஞாயிறு என்று இரண்டு நாள் புதுச்சொல் இல்லாமல் பழையதை மட்டும் விளையாடுங்கள். குறைவாகத் தோன்றும். ஆனால் வாரத்துக்கு ஏழெட்டு என்றாலே பள்ளி நடக்கும் மாதங்களில் முந்நூறை நெருங்கிவிடும். உங்கள் கணக்கில் நாளைக்குப் பத்து என்றால் வருடத்துக்கு 3650. அதில் என்ன மிஞ்சுகிறது என்பதை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள்.

மறந்துபோவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் மண்டையில் குறை ஒன்றும் இல்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னைத்தானே சோதித்து 1885-இல் எழுதிவைத்தது இது: ஒரே மூச்சில் படித்தது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக உதிர்ந்துவிடும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தது தங்கும். நம் ஊரில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற மாதிரி, ஒரே நாளில் மொத்தமாகப் பாய்ச்சாமல் காயக் காய விட வேண்டும். ஐந்து முறை அடுத்தடுத்து எழுதுவதில் மூன்றாவது முறையிலிருந்து கை மட்டும்தான் எழுதுகிறது, பிள்ளை வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறான். அதே ஐந்து முறையை இன்று ஒன்று, நாளை ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று, அடுத்த வாரம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று பிரித்துப் போட்டால் உழைப்பு அதேதான், பலன் வேறு.

இதைக் கணக்கு வைக்க ஓர் எளிய வழி இருக்கிறது. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் பரப்பிய அட்டைப்பெட்டி முறை. ஒரு காலி ஸ்வீட் பாக்ஸை எடுத்து உள்ளே அட்டை நிறுத்தி மூன்று தடுப்பாகச் செய்யுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தைச் சின்னச் சின்னதாக வெட்டினால் அட்டை தயார். ஒரு பக்கத்தில் பிள்ளையே படம் வரையட்டும். கோணல்மாணலாக இருந்தால் பரவாயில்லை. அவன் வரைந்தது அவனுக்குத்தான் புரிய வேண்டும். மறுபக்கத்தில் சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், முழு வாக்கியமாக எழுதுங்கள். 'ஃபில்' என்று எழுதாமல் 'ஃபில் தி பக்கெட்' என்று. புது அட்டை முதல் தடுப்பில் இருக்கும், அதை தினமும் எடுப்போம். படத்தைப் பார்த்துச் சரியாகச் சொன்னால் இரண்டாம் தடுப்புக்குப் போகும், அதை புதனும் ஞாயிறும் மட்டும் எடுப்போம். அங்கேயும் சொல்லிவிட்டால் மூன்றாவது தடுப்பு, அது மாதம் ஒருமுறை. எங்கே தடுமாறினாலும் அந்த அட்டை முதல் தடுப்புக்கே திரும்பி வரும். திட்டக் கூடாது, 'வந்துட்டியா, வா' என்று அட்டையிடம் பேசிவிட்டு உள்ளே போடுங்கள். அட்டை மேலே ஏறுவதும் இறங்குவதும் பிள்ளைகளுக்குப் பரமபதம் விளையாடுகிற சந்தோஷம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

சொல் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு எச்சரிக்கை. ஒரே கூட்டத்தைச் சேர்ந்த சொற்களை ஒரே நாளில் கொடுக்காதீர்கள். பத்து நிறம், பன்னிரண்டு மாதம், எட்டுக் காய் என்று சேர்த்துக் கொடுத்தால் ஒன்றோடொன்று குழம்பும் என்பதை 1990-களிலேயே ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். சார்ட், பாடநூல், அங்காடிப் புத்தகம் எல்லாமே இன்னும் கூட்டம் கூட்டமாகத்தான் கொடுக்கின்றன. அச்சடிக்க அழகாக இருக்கும் அல்லவா! மோசமானது எதிர்ச்சொல் ஜோடி. 'லெஃப்ட்', 'ரைட்' இரண்டையும் ஒரே நாளில் சொல்லித்தந்தால் வளர்ந்த பிறகும் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கும். 'லெஃப்ட்' மட்டும் இரண்டு வாரம் புழங்கட்டும், அது உறைந்த பிறகு 'ரைட்' வரட்டும். 'ஓபன்' நன்றாக வந்த பிறகே 'ஷட்'. நிறத்திலும் அப்படியே. இந்த வாரம் 'ரெட்', வேறு ஒரு வாரம் 'கிரீன்'.

வீட்டில் நான் இங்கிலீஷ் பேச வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாள் முழுக்க வேண்டாம். பிள்ளையோடு வம்பு பேசுவது, கதை சொல்வது, கண்டிப்பது, கொஞ்சுவது எல்லாம் தமிழிலேயே இருக்கட்டும். ஒரு விஷயத்தைத் தமிழில் விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு அதன் ஆங்கிலப் பெயரை ஒட்டுவது எளிது. விளங்கவே விளங்காததற்குப் பெயர் ஒட்டி என்ன பயன்? ஆங்கிலத்துக்கு இரண்டு வேளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் பல் தேய்த்துக் குளிக்கிற நேரம், சாயங்காலம் விளையாடிவிட்டு வந்து கைகால் கழுவுகிற நேரம். தினமும் ஒரே வேலை, ஒரே வாக்கியம். 'வாஷ் யுவர் ஃபேஸ்', 'பிரிங் தி டவல்', 'போர் தி வாட்டர்', 'மோர்?', 'நாட் தேர், புட் இட் ஹியர்'. ஜூனில் பள்ளி திறப்பதும் மேட்டூர் திறப்பதும் ஒட்டி ஒட்டி வரும். நாற்று விடுவது, நடவு என்று நீங்கள் காலையில் போய் இருட்டித் திரும்பும் நாட்களும் உண்டு. அந்த நாட்களில் குளியல் வாக்கியங்கள் மட்டும் நடந்தாலே போதும், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

ஒரு வாரம் நீங்கள் கட்டளை போட்ட பிறகு முறையை மாற்றுங்கள். மகன் உங்களுக்குக் கட்டளை போடட்டும், நீங்கள் செய்யுங்கள். பேச்சு பிறக்கும் இடம் இதுதான். அம்மாவை வேலை வாங்கும் வாய்ப்பை எந்தப் பிள்ளையும் விடாது. 'புட் தி சோப் ஆன் யுவர் ஹெட்' என்பான், வைத்துக்கொள்ளுங்கள். தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள், அடுத்தது அவள் முறை. 'இன் தி பக்கெட்', 'ஆன் தி பக்கெட்', 'அண்டர் தி பக்கெட்' என்று சோப்பை இடம் மாற்றிக்கொண்டே போனால் இலக்கணப் புத்தகத்தில் ஒரு பாடம் முடிந்துவிட்டது.

அவன் தப்பாகச் சொல்லும்போது நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். 'யெஸ்டர்டே ஐ கோ ஸ்கூல்' என்றால், 'ஓ, யூ வென்ட் டு ஸ்கூல்!' என்று சரியான வடிவத்தை நீங்கள் ஆச்சரியத்தோடு திருப்பிச் சொல்லுங்கள், அவ்வளவுதான். களம், வரப்பு, நாற்றங்கால், கதிர் அரிவாள் போன்றவற்றுக்கு ஆங்கிலம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். 'ஐ வென்ட் டு தி களம்' என்பது மூன்றாம் வகுப்புக்கு நல்ல வாக்கியம்.

உச்சரிப்புப் பயம் உங்களைப் போன்ற எல்லா அம்மாக்களுக்கும் இருக்கிறது, அதுதான் பல வீடுகளில் வாயை அடைத்து வைக்கிறது. உங்கள் வலங்கைமானில் 1869-இல் பிறந்த சீனிவாச சாஸ்திரி, கும்பகோணத்தில் படித்துத்தான் ஆங்கிலப் பேச்சில் 'வெள்ளி நாவினர்' என்று வெள்ளைக்காரர்களே மெச்சும் நிலைக்கு வந்தார். வீட்டில் ஆங்கிலம் புழங்கிய குடும்பம் இல்லை. எல்லாரும் சாஸ்திரி ஆகிவிட முடியாது, அது வேறு. தமிழர் ஆங்கிலம் பேசினால் தமிழர் பேசுகிற மாதிரிதான் இருக்கும், அது குற்றமில்லை. அர்த்தம் மாறாமல் இருக்க மூன்று விஷயத்தில் மட்டும் கவனம் வையுங்கள்.

ஒன்று, சொல் முடிவில் 'உ' சேர்ப்பது. 'புக்கு', 'பஸ்ஸு', 'கேட்டு' என்று நாம் இழுத்து முடிப்போம். 'புக்' என்று அங்கேயே நிறுத்தப் பழக்குங்கள். இரண்டு, 'ஃப'. மேல்பல் கீழுதட்டைத் தொட்டுக் காற்று வர வேண்டும். உதடு இரண்டும் மூடித் திறந்தால் 'ஃபேன்' 'பேன்' ஆகி, தலையில் ஊர்கிற சமாசாரமாகிவிடும். கண்ணாடி முன்னால் நின்று காட்டுங்கள், பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். மூன்றாவது கொஞ்சம் பெரிய விஷயம். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். பெரும்பாலான அம்மாக்கள் அன்போடு செய்கிற வேலை இது. 'கோட்' என்று எழுதினால் போட்டுக்கொள்ளும் சட்டையா, புல் மேயும் ஆடா? 'பிக்' என்றால் பெரியதா, பன்றியா? 'டென்' என்றால் பத்தா, குகையா? ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்தாக இருக்கும் ஒலிகளுக்கு நம் எழுத்தில் ஒரே எழுத்துதான். பிள்ளை படிக்கும்போது எந்த ஒலி என்று தெரியாமல் ஏதோ ஒன்றைச் சொல்லி, அதுவே பழகிவிடும். (இந்தப் பதிலில் நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், ஆனால் இது உங்களுக்கு, பிள்ளைக்கு அல்ல.) அர்த்தத்தை வேண்டுமானால் தமிழில் எழுதுங்கள். ஒலியைக் காதால் கொடுங்கள். சந்தேகம் வந்தால் போனில் ஏதாவது ஓர் அகராதிச் செயலியில் சொல்லைத் தேடி, ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் உச்சரித்துக் காட்டும். நீங்களும் அவனும் சேர்ந்து கேட்டுச் சேர்ந்து சொல்லுங்கள்.

நமக்குச் சாதகமும் ஒன்று இருக்கிறது. குறில் நெடில் பிரித்துப் பேசிப் பழகிய வாய் என்பதால் 'ஷிப்', 'ஷீப்' வித்தியாசம் தமிழ்ப் பிள்ளைக்கு எளிதாக வரும். வேறு பல மொழிக்காரர்கள் இதில் திணறுவார்கள்.

எழுத்துக்கூட்டலை இப்போதைக்கு வீட்டில் விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஒலிகளோ சுமார் 44. தமிழ் மாதிரி எழுதியபடி வாசிக்க முடியாது. ஒலிப்பு முறையில் 'கேட்', 'பின்', 'சன்' போன்ற சின்னச் சொற்களிலிருந்து பள்ளியில் படிப்படியாகக் கொண்டுபோவார்கள். வாயில் புழங்கிவிட்ட சொல்லை எழுதக் கற்பது சீக்கிரம் நடக்கும்.

பள்ளியில் என்ன நடக்கிறது என்றும் கேட்டு வையுங்கள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஆங்கிலமும் உண்டு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். உங்கள் மகன் ஆங்கிலத்தில் எந்த நிலை என்று டீச்சரிடம் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். இந்த வாரம் வகுப்பில் என்ன பாட்டு, என்ன சொல் என்று தெரிந்தால் அதையே உங்கள் பெட்டியிலும் போடலாம். பாடநூலில் கியூஆர் குறியீடு இருக்கும் பக்கத்தைப் போனில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொலி வரும்.

ஆப் பற்றி: உச்சரிப்பு கேட்க, கதை கேட்க, நல்லது. சொல் பறந்து வர, குத்தினால் காசு விழும் விளையாட்டுகளில் பிள்ளை கற்பது பெரும்பாலும் குத்துவதைத்தான். போனைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போனால் ஐந்தாவது நிமிடம் அவன் வேறு வீடியோவில் இருப்பான், உங்களுக்கே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் என்றால் சரி. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகப் படக்கதைகள் இருக்கின்றன. பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். முதலில் தமிழில் வாசித்துக் கதையை ரசித்துவிடுங்கள், மறுநாள் அதே கதை ஆங்கிலத்தில். கதை தெரிந்திருப்பதால் தெரியாத சொல்லைப் பிள்ளையே ஊகிப்பான். எல்லாச் சொல்லையும் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள், கதை செத்துவிடும்.

சிங்கப்பூர் மாமாவையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வளவு நல்ல துணை எல்லாருக்கும் வாய்க்காது. தம்பியிடம் தனியாகப் பேசி, சில வாரங்களுக்கு ஒரே கேள்வியை மெதுவாகக் கேட்கச் சொல்லுங்கள். 'வாட் டிட் யூ ஈட்?' என்று அவர் கேட்டு, முதலில் அவரே 'ஐ ஏட் தோசை' என்று சொல்லட்டும். அடுத்தது பிள்ளையின் முறை. வீடியோ கால் என்றால் இன்னும் நல்லது. 'ஷோ மீ யுவர் சைக்கிள்', 'ஷோ மீ சம்திங் ரெட்' என்று கேட்டால் இவன் போனோடு ஓடிப் போய்க் காட்டுவான். வாய் திறக்காவிட்டாலும் பாதகமில்லை, புரிந்தது என்று மாமாவுக்குத் தெரிந்துவிடும். காட்டிக் காட்டி நாலைந்து வாரத்தில் 'திஸ் இஸ் மை சைக்கிள்' தானாக வரும். அந்த நேரத்தில் நீங்கள் சுற்றி நிற்காமல் வேறு வேலை பாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'மம்மி, வாட்டர்' இரண்டு பெயர்ச்சொல். உங்கள் மகன் 'கிவ் மீ வாட்டர்' என்றால் அவளைவிட ஒரு படி மேலே. ஆனால் போட்டிக்கு இழுக்காதீர்கள், இரண்டு பேரையும் சேர்த்து 'புட் தி சோப்' விளையாட விடுங்கள், அவளும் கற்கட்டும்.

ஒன்றாம் வகுப்பு மகளுக்குத் தனிப்பாடம் எதுவும் வேண்டாம். அண்ணனுக்கு நீங்கள் போடும் கட்டளைகளைக் கேட்டே அவள் கற்றுக்கொள்வாள், பல நேரம் அவனுக்கு முன்னால் எழுந்து ஓடுவாள். அவன் செய்ய வேண்டியதை அவள் செய்துவிடுகிறாள் என்றால் கட்டளைக்கு முன் பெயரைச் சேருங்கள். பென்சில் கொடுத்து ஆங்கிலச் சொல் எழுத வைக்காதீர்கள். தமிழ் எழுத்தே அவள் கைக்கு இப்போதுதான் வசப்படுகிறது.

மூன்று மாதத்தில் என்ன எதிர்பார்க்கலாம்? அந்த நாற்பது சொல்லில் முப்பதுக்கு மேல், கட்டளையில் வந்தால் நீங்கள் கையால் சைகை காட்டாமலே புரிந்து செய்ய வேண்டும். பத்துப் பதினைந்து வாக்கியம் அவனே சொல்ல வேண்டும். அதுவே நல்ல முன்னேற்றம். அப்படி இல்லாமல், தமிழிலும் சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை, புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கிறான் என்று ஏதாவது கண்ணில் பட்டால், ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுக் காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கும். எப்போது வருகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, அன்றைக்கு அவன் விடுப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை பொறுக்க மனமில்லை என்றால் கும்பகோணம் அரசு மருத்துவமனைக்கு நேரே அழைத்துப் போங்கள்.